சாவி யார் கையில்?

மென்பொருள் எழுதும் தொழிலில் கீர்த்தியும் திரவியமும் ஈட்டிய ஒருவர், தம் தொழிலைப் பற்றி மட்டுமன்றி இராஜ்ய விவகாரங்களைப் பற்றியும், பாஷையைப் பற்றியும், வாலிபர்களின் விவாகத்தைப் பற்றியும், வருங்காலச் சமூகத்தைப் பற்றியும் மனம்போல அபிப்பிராயம் சொல்லி வருகிறார். அவர் காலையில் சொன்னது மாலைக்குள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரையில் வந்து சேர்ந்து விடுகிறது. ஒரு சாரார் அவர் சொல்வதை வேதவாக்காகக் கொள்கிறார்கள். மற்றொரு சாரார், "கம்ப்யூட்டர்காரருக்கு இதிலெல்லாம் என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். இரண்டும் சரியல்ல என்பது நமது கட்சி.

நாம் குறிப்பிடுவது ஸ்ரீமான் ஸ்ரீதர் வேம்புவை என்பதை நேயர்கள் ஊகித்திருப்பார்கள். சென்னை ஐ.ஐ.டி.யிலும் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையிலும் கற்றவர். 1996-ல் ஆரம்பித்த கம்பெனியை இன்று ஜோஹோ என்ற பெயரால் உலகமெல்லாம் அறியச் செய்தவர். 2019-ல் அமெரிக்காவை விட்டுத் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறைக்கு வந்து குடியேறியவர். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். 2025 ஜனவரியில் கம்பெனியின் தலைமை நிர்வாகப் பதவியை விட்டு, தலைமை விஞ்ஞானி என்ற ஸ்தானத்தை ஏற்றுக் கொண்டார்.

தொழிலுக்கு வெளியே வாயைத் திறந்தார் என்பதற்காக ஒருவரைக் கண்டிக்கும் யோக்கியதை வக்கீல்களாகிய நமக்குச் சிறிதும் இல்லை. தேசிய இயக்கத்தில் தம் தொழிலுக்கு அப்பாற்பட்ட விஷயங்களில் மிக அதிகமாகப் பேசியவர்கள் வக்கீல்களே. நல்ல வேளையாக அவர்களை யாரும் தடுக்கவில்லை. தவிரவும், மென்பொருள் எழுதுவோர் பேசுவதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. வங்கியில் பணம் யாருக்கு, எந்த நிபந்தனையின்மீது தரப்படும், ரேஷன் கடையில் எந்த விரல் ரேகை செல்லும், எந்த ரேகை செல்லாது என்பனவெல்லாம் சட்டசபையில் எழுதப்படுவதற்குப் பின் மறுபடியும் ஒருமுறை மென்பொருளில் எழுதப்படுகின்றன. முதலில் எழுதியதைப் பற்றி விவாதம் நடக்கிறது, கெஜட்டில் வருகிறது, பிடிக்காவிட்டால் ஹைகோர்ட்டுக்குப் போகலாம். இரண்டாவது எழுத்தை யாரும் பார்ப்பதே இல்லை. அதை எழுதுகிறவர்களின் அரசியல் என்ன என்பது நமக்குத் தெரிந்தே ஆகவேண்டும். அவர்கள் மௌனமாய் இருப்பதைவிடப் பேசுவதே ஜனங்களுக்கு க்ஷேமம்.

அவருடைய சில்லறை அபிப்பிராயங்களை முதலில் தீர்த்து விடுவோம். வாலிபர்கள் இருபது வயதுகளிலேயே விவாகம் செய்துகொண்டு பிள்ளை பெறவேண்டும் என்று 2025 நவம்பரில் உபதேசித்தார். இதைச் சொல்ல நம் ஊர்ப் பாட்டிமார்களே போதும்; அவர்கள் சம்பளமும் கேட்பதில்லை. தமிழ்நாட்டு எஞ்சினீயர்கள் ஹிந்தி கற்க வேண்டும், தெரியாதிருப்பது தங்கள் தொழிலுக்குப் பெருங் குறை என்று அதே வருஷம் பிப்ரவரியில் சொன்னதற்குப் பெரிய கண்டனம் எழுந்தது. வடக்கே வியாபாரம் செய்கிறவருக்கு வடக்கத்திப் பாஷை வேண்டியதுதான்; சௌகார்பேட்டையில் கடை வைத்தவர் தமிழ் கற்கவில்லையா? ஆனால் வியாபாரியின் அவசியம் வேறு, ஒரு ஜன சமூகத்தின் கடமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதனால் 1938-ல் ராஜாஜி மந்திரிசபை பட்ட பாடு சரித்திரத்தில் இருக்கிறது.

அவர் சொன்னவற்றுள் நாம் நின்று யோசிக்க வேண்டியவை வேறு இரண்டு.

முதலாவது, மென்பொருள் எஞ்சினீயருக்கு இயந்திர எஞ்சினீயரையும் பள்ளிக்கூட உபாத்தியாயரையும்விட அதிகச் சம்பளம் கிடைப்பது பிறப்புரிமை அல்ல. அது என்றென்றும் நிலைக்கும் என்று எண்ணக்கூடாது என்று 2025-ல் அவர் சொன்ன எச்சரிக்கை. செயற்கை நுண்ணறிவு யந்திரங்களே மென்பொருள் எழுதத் தலைப்பட்ட காலத்தில், அந்தத் தொழிலால் செல்வம் பெற்றவரே இதைச் சொல்வது கவனிக்கத் தக்கது. வேடசந்தூர்ப் பக்கத்திலும் ஒட்டன்சத்திரப் பக்கத்திலும் கிணறு வற்றிய நிலத்தை விற்று மகனைக் கம்ப்யூட்டர் படிப்புக்கு அனுப்பிய குடியானவர்கள் எத்தனையோ பேர் உண்டு. பாகப் பிரிவினைக்கும் கிரயப் பத்திரத்துக்கும் நம்மிடம் வருகிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். "மழையை நம்பினது போதுமய்யா, பையனாவது பெங்களூரில் ஏ.சி. ரூமில் உட்காரட்டும்" என்பார்கள். இந்தச் சமவெளியில் வானத்தை நம்பினவர்கள் இப்போது வேறொரு வானத்தை நம்பியிருக்கிறார்கள் என்பதே வேம்பு அவர்கள் சொன்னதன் அர்த்தம். கல்லூரி நடத்துவோர் இதைப் பிள்ளைகளின் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுவார்களா என்று கேட்க மாட்டோம். விடை நமக்கே தெரியும்.

இரண்டாவது, கிராமத்தையும் சுதேசியத்தையும் பற்றிய அவர் கொள்கை. பெரிய தொழில் பெரிய நகரத்தில்தான் நடக்கவேண்டும் என்பதில்லை. கிராமத்துப் பிள்ளைகளைக் கல்லூரிப் பட்டமின்றியே தயார்செய்து உலகத் தரத்தில் வேலை வாங்கலாம் என்பதை அவர் பேச்சில் மட்டுமன்றிச் செய்கையிலும் காட்டியிருக்கிறார். 2004 முதலே அவர் கம்பெனி அத்தகைய பள்ளியை நடத்தி வருகிறது. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், ஸ்ரீமதி சௌந்தரம் அம்மையாரும் ஸ்ரீ ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் ஸ்தாபித்த காந்திகிராமத்தைத் தினமும் பஸ்ஸில் கடந்து போகும் நமக்கு இந்தக் கொள்கை புதிதன்று. புதிதாக இருப்பது, அது லாபத்தோடு நடக்கிறது என்பதுதான். இந்த அம்சத்தில் நாம் வேம்பு அவர்களை மனமாரப் பாராட்டுகிறோம்.

சுதேசி மென்பொருள் என்ற கோஷத்துக்கு 2025-ம் வருஷம் நல்ல காரணம் கிடைத்தது. குஜராத்தில் வாடினார் என்னுமிடத்தில் நயாரா எனர்ஜி என்ற பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அதில் ருஷ்யக் கம்பெனி ஒன்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜூலை மாதம் ஐரோப்பிய யூனியன் அந்தக் கம்பெனியின்மீது தடை விதித்தவுடன், மைக்ரோசாஃப்ட் கம்பெனி ஆலையின் மின்னஞ்சல் முதலிய சேவைகளை நிறுத்தி விட்டது. இந்தியச் சட்டப்படி நடக்கும் இந்தியக் கம்பெனி, சந்தாவும் கட்டியாயிற்று, இந்தியக் கோர்ட்டு ஒன்றும் உத்தரவிடவில்லை. அயல்நாட்டில் யாரோ ஒரு சாவியைத் திருப்ப, இங்கே கதவு சாத்திக் கொண்டது. டில்லி ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்த பின், சில தினங்களில் சேவை திரும்ப வந்தது. ஓர் ஆலைக்கு நேர்ந்தது நாளை ஒரு சர்க்காருக்கு நேராதென்பது என்ன நிச்சயம்?

இதற்குப் பின் மத்திய மந்திரிகளே ஜோஹோவின் சேவைகளுக்கு மாறுவதாக விளம்பரம் செய்தார்கள். மத்திய சர்க்கார் சிப்பந்திகள் சுமார் 12 இலட்சம் பேருடைய மின்னஞ்சல் ஜோஹோவின் சாதனத்துக்கு மாற்றப்பட்டது. "அரட்டை" என்ற அந்தக் கம்பெனியின் செய்திச் சாதனத்தை அந்த செப்டம்பரில் ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஏற்றுக்கொண்டார்கள். தமிழ்ப் பெயருள்ள ஒரு சரக்கு டில்லியில் விலைபோவதைக் கண்டு நாமும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அப்போது அரட்டையில் எழுதி அனுப்பும் செய்திகளுக்கு, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர மற்றெவரும் படிக்கவொண்ணாத மறைப்பு இருக்கவில்லை. அதைப் பிறகே சேர்க்க முற்பட்டார்கள். இங்கேதான் நமது சந்தேகம் ஆரம்பமாகிறது. கதவு சுதேசிக் கதவு, பூட்டும் சுதேசிப் பூட்டு. சாவி யார் கையில்?

பூட்டைப் பற்றிப் பேச இந்த ஊருக்கு உரிமை உண்டு. திண்டுக்கல் பூட்டு கையால் செய்வது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அலிகார் சரக்கின் மலிவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பட்டறைகள் குறைந்து போனாலும், இன்றும் நாகல்நகர்ப் பக்கத்தில் உளிச் சத்தம் கேட்கிறது. மென்பொருள் விற்கிறவர்கள் பொருளைக் கொடுத்துவிட்டு அதன் மர்மத்தைத் தம்மிடமே வைத்துக் கொள்கிறார்கள், வேண்டும்போது அதை நிறுத்தவும் செய்யலாம் என்று அங்கே ஒரு முதிய தொழிலாளியிடம் சொன்னோம். அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வக்கீலய்யா, பூட்டை வித்துட்டு சாவியை நான் வச்சுக்கிட்டா, நாளைக்கு உங்க வீட்டுல களவு போனா போலீஸ் முதல்ல என்னையில்ல பிடிக்கும்?" என்றார். மென்பொருள் வியாபாரத்தில் அந்தப் போலீஸ் இன்னும் ஏற்படவில்லை.

இது நமக்கு வெறும் தர்க்கமன்று, பட்ட அனுபவம். நமது தகப்பனார் 1996-ல் இந்தப் பத்திரிகைக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் அச்சுக் கோக்கும் மென்பொருள் ஒன்று வாங்கினார். விற்ற கம்பெனியின் பெயர் வேண்டாம். அது இப்போது இல்லை. பெட்டியின் பின்புறத்தில் சொருகிக்கொள்ள விரற்கடை அளவு ஒரு சிறு கட்டை கொடுத்தார்கள். அச்சகத்தில் அதற்கு "லாக்" என்றே பெயர். அது சொருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும். பன்னிரண்டு வருஷம் திறந்தது. 2008-ல் ஐப்பசி மழையில் ஓர் இரவு இடி இடித்தது; மறுநாள் அந்தக் கட்டை செத்துக் கிடந்தது. பூட்டுக்குப் பேர்போன ஊரிலே, நம் சொந்தப் பத்திரிகையின் பன்னிரண்டு வருஷத்து இதழ்களைத் திறக்கச் சாவி இல்லை! வேறொரு மென்பொருளில் திறக்கலாமென்றால், அந்தக் கம்பெனி "க"வுக்கு ஓர் எண்ணும் "ந"வுக்கு ஓர் எண்ணுமாகத் தன்னிஷ்டம்போல் வைத்திருந்தது. யூனிகோட் என்ற பொது முறை தமிழில் வேரூன்றாத காலம். ஒவ்வொரு வியாபாரியும் தமிழுக்கு ஒரு தனி நெடுங்கணக்கு வகுத்துக் கொண்டிருந்தார். நமது தகடுகளில் தெரிந்ததெல்லாம் அர்த்தமற்ற கீறல்கள்.

போனது என்னவென்று நேயர்கள் கேட்கலாம். 1996 அக்டோபரில் புதிய பஞ்சாயத்துச் சட்டப்படி நடந்த முதல் தேர்தலில், ஸ்திரீகளுக்கு மூன்றில் ஒரு பங்கு ஸ்தானம் ஒதுக்கப்பட்டது. இந்த ஜில்லாவில் அவ்வாறு வென்ற பெண் தலைவர்களை நமது நிருபர்கள் ஊர் ஊராகச் சென்று கண்டு எழுதினார்கள். கணவன்மார் நாற்காலியில் உட்கார்ந்ததையும், உட்கார விடாமல் துரத்தியவர்களையும், ரோடும் தண்ணீர்க் குழாயும் வந்த கதையையும் வேறு யாரும் எழுதி வைக்கவில்லை. அச்சிட்ட தொகுதிகளிற் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. மீதி தகட்டில் சிறைப்பட்டது.

இத்தகைய சிறையை அறிந்தே ஓர் அமெரிக்க நிரலாசிரியர் நாற்பது வருஷங்களுக்கு முன் புறப்பட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை பார்த்த ஆராய்ச்சிச் சாலையில் அச்சு யந்திரம் ஒன்று அடிக்கடி காகிதத்தை விழுங்கி நின்றது. அதன் மென்பொருளின் மூலத்தைக் கொடுத்தால், நின்றவுடன் செய்தி வரும்படி தாமே திருத்திக் கொள்வார். கொடுக்க மறுத்தார்கள். மூலம் என்பது மனிதர் வாசிக்கத் தக்க பாஷையில் நிரலாசிரியர் எழுதுவது. வாங்குகிறவருக்குக் கிடைப்பதோ யந்திரம் மட்டும் படிக்கும் வடிவம். 1983-ல் ஸ்டால்மன், எவரும் இயக்கவும், படித்துப் பார்க்கவும், திருத்தவும், பிறருக்குப் பகிரவும் உரிமையுள்ள மென்பொருளை எழுதும் முயற்சியைப் பிரகடனம் செய்தார். தமிழில் இதைக் கட்டற்ற மென்பொருள் என்று அழகாகச் சொல்கிறார்கள். ஸ்டால்மனும் எல்லா விஷயத்திலும் அபிப்பிராயம் சொல்கிறவர்தான். அவற்றுட் பல நமக்கு உடன்பாடல்ல. ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் அவர் கண்டது உண்மை. வேம்பு அவர்களுடைய சேவைகளே லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களின்மீது எழுப்பப் பட்டவை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சுதேசி முதலாளி நல்லவராயிருக்கையில் மூலம் எதற்கு என்பவர்கள் தூத்துக்குடிச் சரித்திரத்தை ஒருமுறை நினைக்க வேண்டும். 1906-ல் ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளை, பங்கு 25 ரூபாய் வீதம் ஜனங்களிடம் திரட்டிச் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். 1908-ல் அவரும், நமது வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவாவும் சிறை சென்றார்கள். 1911-ல் கம்பெனி கலைக்கப் பட்டது. கப்பல், எந்த வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து ஓடிற்றோ அந்தக் கம்பெனியிடமே விலையாகிப் போயிற்று. பிள்ளையவர்களின் தேசபக்தியில் குறையில்லை. ஆயினும் கம்பெனி என்பது விற்கவும் வாங்கவும் கூடிய வஸ்து. இன்று மத்தளம்பாறையிலிருப்பது நாளை யாருடையதென்று வேம்பு அவர்களே சொல்ல இயலாது. அவர் அந்நிய மூலதனத்துக்கு இடங்கொடாமல் கம்பெனியைக் காத்து வருகிறார் என்பது அவருக்குப் பெருமை. பின்வருவோருக்கு அது விலங்காகாது. மூலம் ஜனங்கள் கையில் இருந்தாலோ, கம்பெனியை வாங்குகிறவர் பெயர்ப்பலகையை மட்டுமே வாங்குகிறார்.

"இதெல்லாம் படித்தவர்களின் கனவு, சர்க்கார் காரியம் இப்படி நடக்குமா?" என்பாருக்கு நாம் தினமும் போகும் இடத்தையே காட்டுகிறோம். இந்தியாவெங்கும் கீழ்க் கோர்ட்டுகளில் வழக்குகளின் வாய்தா, தீர்ப்பு முதலியவற்றைப் பதிவு செய்யும் மென்பொருள் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு சர்க்காரின் தேசியத் தகவல் மையத்தாரால் எழுதப் பட்டது. நீதிபதிகளின் கம்ப்யூட்டர்களில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை ஓடுகிறது. வாய்தா வழங்குவதில் கோர்ட்டுகள் பழைய தாராளத்தையே காட்டுகின்றன என்பது வாஸ்தவம். அது மென்பொருளின் குற்றமன்று. நம் மாகாணத்திலும் சர்க்காரின் எல்காட் ஸ்தாபனம் சுமார் இருபது வருஷங்களுக்கு முன்பே லினக்ஸுக்கு மாறிக் காட்டிற்று. அடுத்த அதிகாரி, அடுத்த மந்திரிசபை என்று வர வர அந்த உற்சாகம் குன்றியது.

கொள்கையும் இல்லாமலில்லை. சர்க்கார் ஆவணங்கள் எவருக்கும் சொந்தமல்லாத திறந்த வடிவங்களில் இருக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2010-லேயே முடிவு செய்தது. சர்க்கார் காரியங்களுக்கு மூலம் திறந்த மென்பொருளுக்கே முதன்மை என்று 2015-ல் அறிவித்தது. அதே 2010-ல் தமிழ்நாடு சர்க்கார் தமிழ் எழுத்துக்கு யூனிகோடை அங்கீகரித்தது. இவை காகிதத்தில் சுகமாயிருக்கின்றன. 12 இலட்சம் பேரின் மின்னஞ்சலை ஒரு கம்பெனியிடம் ஒப்புவித்தபோது, அந்த மென்பொருளின் மூலத்தைச் சர்க்கார் பார்க்கலாமா, கம்பெனி கைமாறினால் கடிதங்கள் எந்த வடிவத்தில் திரும்பக் கிடைக்கும் என்ற கேள்விகளுக்குப் பார்லிமெண்டில் விவரமான விடை கேட்டு வாங்குவது நம் பிரதிநிதிகளின் வேலை. கம்பெனி சுதேசியா விதேசியா என்பதோடு அவர்கள் விசாரணை நின்றுவிடக் கூடாது. பல கோயில்களில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு உண்டு. அதிகாரியிடம் ஒரு சாவி, தர்மகர்த்தாவிடம் ஒரு சாவி. அதிகாரி திருடர் என்று யாரும் சொல்லவில்லை. ஆயினும் இரண்டாவது சாவியை யாரும் விட்டுக் கொடுப்பதில்லை.

திண்டுக்கல் கார்ப்பரேஷனுக்கும் இது பொருந்தும். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், ஜனன மரணப் பதிவு ஆகிய புத்தகங்களெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறி விட்டன. அவற்றைத் திறந்த வடிவத்தில் வருஷந்தோறும் ஒரு பிரதி எடுத்துத் தன் கையிலேயே வைத்திருக்கிறதா என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி மனுவொன்று தயாரித்திருக்கிறோம். விடை வந்தவுடன் இப்பத்தியில் பிரசுரிப்போம். மற்ற நகரசபைகளின் பிரஜைகளும் இதே மனுவைப் போடலாம். வேண்டுவோருக்கு வாசகத்தை நமது காரியாலயத்தில் தருவோம், கட்டணம் இல்லை.

நமது பழைய இதழ்களின் கதையையும் சொல்லி விடுகிறோம். சின்னாளபட்டி நெசவாளர் குடும்பத்து வாலிபர் ஒருவர், பகலில் ஏதோ ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவர், சென்ற வருஷம் நம்மிடம் வந்தார். கறையான் விட்டுவைத்த அச்சுப் பிரதி ஒன்றையும் அதே இதழின் தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் கீறல் எந்த எழுத்து என்று பத்து இரவுகளில் அட்டவணை போட்டார். "ஐயா, கிராஸ்வேர்டு போடுற மாதிரிதான்" என்றார். பணம் வேண்டாமென்றார். அட்டவணையை யாரும் உபயோகிக்கலாம் என்று எழுதி வெளியிட வேண்டும் என்பதொன்றே அவர் நிபந்தனை, அவ்வாறே செய்திருக்கிறோம். பழைய தகடுகள் வைத்திருக்கும் சிறு பத்திரிகைகள் அதை நம்மிடம் கேட்டுப் பெறலாம்.

1996 அக்டோபர் முதல் 1998 மார்ச் வரையிலுள்ள இதழ்கள் இதுவரை மீண்டுள்ளன. பஞ்சாயத்துத் தலைவிகளைப் பற்றிய கட்டுரைகளில் பதினொன்று அவற்றில் இருக்கின்றன. 1998 ஏப்ரல், மே மாதத் தகடுகள் இரண்டும் பூஞ்சணம் பிடித்துத் திறக்க மறுக்கின்றன. அவ்விரு மாதத்து அச்சுப் பிரதிகள் எந்த நேயரிடமேனும் இருந்தால், ஒரு வாரத்துக்கு இரவல் தந்து உதவும்படி வேண்டுகிறோம். பிரதி எடுத்துக்கொண்டு, பத்திரமாக வீட்டிலேயே கொண்டுவந்து சேர்ப்பிப்போம்.